ஆடு இல்லாத சாட்சி

இன்னும் அடிக்கவில்லை. இடுப்பை ஆட்டுகிறார், நிறுத்துகிறார், கடலைப் பார்க்கிறார், கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறார், மறுபடியும் முதலிலிருந்து ஆட்டுகிறார். முட்டையிட இடம் தேடுகிற கோழிகூட இவ்வளவு யோசிக்காது. பந்து பாவம், ஒரு குச்சியின் தலையில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆள் எப்போது தீர்ப்புச் சொல்வார் என்று காத்துக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் கைதிகளும் இவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஆவுடையப்பன். ஆடிக் காற்று காற்சட்டைக்குள் புகுந்து ஊதிவிட்டிருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் கொடியில் காயப்போட்ட துணி யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பல்லெல்லாம் மணல். கண்ணில் மணல், காதில் மணல். நாக்கை வெளியே நீட்டினால் உப்பு. இப்படி ஒரு காற்றில் மனுஷனாகப் பிறந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பான். பை தூக்குகிற ஆட்கள்கூட மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் போய்விட்டார்கள், புத்தியுள்ளவர்கள். இந்தக் கடற்கரையில் இப்போது இருப்பது நாங்கள் இரண்டு கிழங்களும் நாலைந்து ஆடுகளும்தான். ஆடுகளுக்காவது மேய்ச்சல் என்று ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கோல்ஃப் மைதானத்தைப் போட்டவன் மக்கின்டயர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரன். பஞ்சு வாங்கிக் கப்பலேற்ற வந்தவன், ஊர் ஞாபகம் வந்து அழுதிருக்கிறான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அவன் ஊர் மாதிரியே மணல் மேடு, கடல், காற்று. புல் மட்டும்தான் இல்லை. மணலில் படருகிற இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் முள் நிறைந்த உடைமரமும் இருந்தன, அதுவே போதும் என்று ஒரு குழியைத் தோண்டிக் கொடியை நட்டுவிட்டான். புல்தரை இருக்க வேண்டிய இடத்தில் சலித்த மணலில் கழிவெண்ணெய் கலந்து, உருளை போட்டு அழுத்திய ஒரு வட்டம். பிரௌன் என்று பேர். அதில் நடந்தால் கால்தடம் விழும், பந்து உருண்டால் பந்தின் தடம் விழும். அதனால் முதலில் போய்ச் சேருகிறவன் ஓரத்தில் கிடக்கும் கோணிச்சாக்கை இழுத்து மணலைச் சமன்செய்து வைக்க வேண்டும், செய்யாதவன் காட்டான். நூறு வருஷத்துக்கு மேலாக இதே கூத்து. அவன் எழுதிய சட்டங்களைக் கிளப் சுவரில் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: ஆடும் காற்றும் ஒன்று. ஆட்டின்மேல் பட்டுப் பந்து எங்கே போனாலும் காற்று தள்ளிக்கொண்டு போனதாகவே கணக்கு. குடித்துவிட்டு எழுதியிருப்பான். குடிக்காமல் எழுதிய மற்றச் சட்டங்களைவிட அதில் கொஞ்சம் அறிவு இருக்கிறது.

ஆட்டி முடியட்டும். நாளைக்குக் காலையில் மகன் வந்து இவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் புரை, யாரோ பால் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே எத்தனையாவதோ மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், இவர் கார்களின் ஹாரனுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே இதுதான் இவருக்குக் கடைசி ஆட்டம், அதிலும் இதுதான் கடல்குழி. டீ என்கிற அந்தக் குச்சியிலிருந்து ஒரே அடியில் இந்தக் குழிக்குள் பந்தைப் போட்டவன் பேரைக் கிளப் கூடத்தில் தேக்குப் பலகையில் எழுதுவார்கள். முதல் பேர் மக்கின்டயர். தனக்குத் தானே எழுதிக்கொண்டானோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம். பிறகு சில வெள்ளைக்காரர்கள், ஒரு பாதிரி, ஒரு சப் கலெக்டர், அப்புறம் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர். நான் இல்லை. இவரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இவர் அந்தப் பலகைக்குக் கிட்டே போவார். கடைசிப் பேருக்குக் கீழே வெறும் தேக்கை விரலால் தடவுவார். மாவட்டத்தையே நடுங்க வைத்த விரல், பலகையைத் தடவுகிறது. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பை அடக்கித் தொண்டை வலித்திருக்கிறது. தூக்கிவிட்டார். மட்டை மேலே போய்விட்டது. டக். அடடா, என்ன சத்தம், தேங்காயைக் கல்லில் போட்ட மாதிரி. பந்து வலது பக்கம் ஓடுகிறது, நேராக உடைமரத்தைப் பார்த்து. ஒழிந்தது. கடைசி நாளும் முள்ளுக்குள்தான் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனால் காற்று அதை அண்ணாந்து பார்த்துவிட்டது. நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று, போகிற போக்கில் பந்தைக் காதைப் பிடித்து இடது பக்கம் இழுத்தது. கொடியைத் தாண்டி, பிரௌனைத் தாண்டி, அதற்குப் பின்னால் மணல்மேட்டு ஓரத்தில் காற்றுக்கு ஒதுங்கி ஒரு வெள்ளாடு அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தது, சுத்த வெள்ளை, அதன் இடது கொம்பில், நான் பார்க்கிறேன், என் கண்ணால் பார்க்கிறேன், இடது கொம்பில் பட்டது. ஆடு யாரையோ திட்டுகிற முகத்தோடு எழுந்து பிரௌனுக்குக் குறுக்கே ஓடியது. பந்து கொம்பிலிருந்து திரும்பி வந்து பிரௌனின் பின்னோரத்தில் விழுந்து, உருண்டு, கொடிக்குக் கிட்டே வந்து, குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி, நின்று, யோசித்தது, ஜட்ஜின் பந்து அல்லவா, அப்புறம் உள்ளே விழுந்தது.

"எங்கவே போச்சு?" என்கிறார். மட்டை இன்னும் தோளில்தான் இருக்கிறது. பால் ஊற்றிய கண்ணைச் சுருக்கி எங்கேயோ ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு வருஷமாக ஒவ்வோர் அடிக்கும் இந்தக் கேள்வி. இவருக்குக் கண் நான்தான். நடுவில் விழுந்த பந்தை முள்ளுக்குள் விழுந்தது என்பேன், முள்ளுக்குள் விழுந்ததை நடுவில் என்பேன், தேடட்டும். வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. "வலது பக்கம். உடைமரத்துக்குள்ள." "நல்லாப் பாத்தீரா?" "துறைமுகத்துல கப்பலை உள்ள கொண்டாந்த கண்ணுவே இது." "கப்பலைக் கொண்டாந்த கண்ணு. ஆமையைப் பாத்த கண்ணு." மட்டையை இறக்கினார். "சவம், கடைசி நாளும் உடைமரமா," என்று மெதுவாகச் சொன்னார், எனக்கு அல்ல, காற்றுக்கு. நான் என் பந்தை எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அது கடல் பக்கம் போயிருக்கும், போகட்டும். பள்ளத்தில் இறங்கி நேராக நடக்கிறேன். அவர் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு பலகைப் பாதையைச் சுற்றித்தான் வர வேண்டும், முட்டி வேறு மடங்காது. நான் முதலில் போய்விடுவேன். போய்க் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. ஏற்கெனவே உடைமரம் என்று சொல்லியாயிற்று. உடைமரத்துக்குள் அந்தப் பால் கண்ணை வைத்துக்கொண்டு முள் குத்தக் குத்தத் தேடுவார், நான் ஓரத்தில் நின்று இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்பேன், பெங்களூர் போகிற வரைக்கும் தெரியாது, செத்த பிறகும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். நினைக்கும்போதே வயிற்றுக்குள் வெல்லம் கரைகிறது.

ஆமையைப் பார்த்த கண். இதைச் சொல்லாமல் இந்த ஆளுக்கு ஒரு நாள் போகாது. தொம்மை என்று ஒரு தோணிக்காரன். ஆடிக் காற்றில் அவன் தோணி திரும்பாமல் வந்து துறைமுகப் பாலத்தில் மோதி, அங்கே நின்றுகொண்டிருந்த ஒருவனுக்குக் கால் போய்விட்டது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று வழக்கு. நான் கப்பல்களுக்கு வழி காட்டுகிற பைலட், என் படகில் பக்கத்திலேயே இருந்தவன், பார்த்தேன், தோணியின் சுக்கானுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கடலாமை சிக்கிக்கொண்டிருந்தது. தொம்மை சுக்கானைத் திருப்பத் திருப்ப ஆமை துடுப்புக் கால்களை அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மோதின அதிர்ச்சியில் விடுபட்டுப் போயே போய்விட்டது. கூண்டில் ஏறி அப்படியே சொன்னேன். அப்போது இந்த ஆளுக்கு முடி கறுப்பு. பேனாவை மூடிவிட்டு, "ஆமை எந்தப் பக்கம் தலையை வச்சிருந்தது?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நான் கிழக்குப் பக்கம் என்றேன், சிரிப்பு இன்னும் ஏறியது. பிறகு அது என்னைப் பார்த்தது என்று சொன்னேன், பார்த்ததுதான், சொல்லாமல் இருந்திருக்கலாம். சாட்சியின் கூற்று அலங்காரம் மிகுந்தது, நம்பத் தகுந்தது அல்ல என்று எழுதினார். தொம்மை உள்ளே போனான். வெளியே வந்தபோது தோணி இல்லை, பெண்டாட்டி இல்லை. கொஞ்ச நாள் மீன் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான், அப்புறம் அதுவும் இல்லை. இந்த ஆள் ஓய்வுபெற்று வந்து கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஆமை சாட்சி தானவே நீரு?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வெட்கமே கிடையாது. பெருமை வேறு. பாரில் உட்கார்ந்தால் பாடம் ஆரம்பித்துவிடும்: "நெசம் சப்பையா இருக்கும்வே பைலட். உப்பு இருக்காது, உறைப்பு இருக்காது. பொய்தான் நகை போட்டுக்கிட்டு வரும். நகையைப் பாத்ததும் நான் பேனாவை மூடிருவேன்." இதுதான் சட்டப் படிப்பு. இதற்குத்தான் சிவப்புச் சுழல் விளக்குக் கார். நானும் அன்றிலிருந்து நகை போட ஆரம்பித்தேன். நிஜத்தையே நம்பாதவனுக்கு எதற்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டும்? நான் அடித்த பந்து காற்றில் மன்னாருக்குப் போய் ஒரு பாதிரியார் தட்டில் விழுந்து, அவர் அதை முட்டை என்று நினைத்து உரிக்கப் பார்த்தது. திமிங்கலம் ஒன்று ஓர் இரவு முழுக்க மிதவைக்குப் பதிலாக நின்று கப்பல்களுக்கு வழி காட்டியது. மக்கின்டயரின் ஆவி ஆடி அமாவாசைக்கு வந்து என்னிடம் பீடி கேட்டது. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பார். ஒரு வார்த்தை நம்ப மாட்டார். குறுக்கு விசாரணை வேறு. பீடியை எந்தக் கையில் வாங்கினான்? பாதிரியார் உப்பு வைத்திருந்தாரா?

பள்ளத்துக்குள் இறங்கினால் காற்று சட்டென்று நின்றுவிடும். இது ஒரு சனியன். மேலே உலகமே பறந்துகொண்டிருக்கும், இங்கே ஒரு மணல் அசையாது. என் மூச்சு எனக்கே கேட்கும், பக்கத்தில் வேறு யாரோ கிழவன் இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி. நாளைக்கு இந்த நேரம் என்ன செய்வேன்? எதற்கு இந்தக் கேள்வி இப்போது. ஒரு கழுதை ஊரைவிட்டுப் போகிறது, சந்தோஷம். கிளப்பில் மற்றவர்கள் இருக்கிறார்கள். இருந்து? ஃபோனைத் தடவிக்கொண்டு என் கதைக்கு நடுவில், அப்படியா அண்ணாச்சி, என்பார்கள். கனடாவிலிருந்து என் மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், திமிங்கலத்தைச் சொன்னேன், "அப்படியாப்பா, சரிப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றாள். நம்பிவிட்டாள். காது கொடுக்காதவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள். நம்பாமல் இருக்கத்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெரிய வீடு எனக்கு, ஃபிரிட்ஜ் மட்டும் நடுநடுவே செருமும். சீ, நட. முட்டி வலிக்கிறது. மேலே ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது, நல்லது, அறையட்டும். திரும்பிப் பார்த்தால் ஜட்ஜ் பலகைப் பாதையில் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு சக்கரம் மணலுக்குள். பையை உதைக்கிறார். பைக்கும் தண்டனை. எனக்கு முன்னால் பிரௌன், கறுத்து, பளபளத்து, யாரோ உட்கார்ந்து எழுதி வைத்த மாதிரி: அந்த ஓரத்திலிருந்து பந்தின் தடம் ஒரு நூல்போல வந்து குழியைச் சுற்றி முடிகிறது, அதற்குக் குறுக்கே ஆட்டின் குளம்புகள், பிளவு பிளவாக, பயந்து ஓடின வேகத்தில் ஆழமாக. குழிக்குள் பந்து. சிவப்பு மையில் அவர் வைக்கும் புள்ளி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. பாவி, முட்டையிட்டே விட்டான்.

குனிந்து விரலை விட்டு எடுத்துவிட்டேன். கையில் குளிர்ச்சியாக இருந்தது, எண்ணெய் மணல் ஒட்டிக்கொண்டு. இனி கையைக் காற்சட்டைப் பைக்குள் விட வேண்டியதுதான் பாக்கி. தொம்மைக்காக விடு. ஆமைக்காக விடு. பேனா மூடின அந்தச் சத்தத்துக்காக விடு. கை பைக்கு வெளியே நின்றுவிட்டது. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம், இந்த ஆள்மேல் இரக்கப்பட நான் என்ன பாதிரியா? விஷயம் வேறு. இத்தனை வருஷமாகக் கதை கட்டுகிறேன், இப்படி ஒன்று என் மூளையில் உதிக்கவில்லை. கொம்பு! அதுவும் இடது கொம்பு! மேல்மாடியிலிருந்து எவனோ ஒருவன், என்னைவிடப் பெரிய புளுகன், எனக்கு மட்டும் என்று சொல்லி அவிழ்த்துவிட்ட கதை. நான் பந்தைப் பையில் போட்டால் கதைக்குத் தலை இருக்கும், உடம்பு இருக்கும், வால் இருக்காது. பந்து காணாமல் போன கதையை எவன் கேட்பான்? அது தினமும் நடப்பது. பொறாமைக்கும் மேலே ஒரு ருசி இருக்கிறது. திரும்பக் குழிக்குள் வைத்தேன், சிவப்புப் புள்ளி மேலே இருக்கும்படியாக, இருந்தது இருந்தபடி. வந்து பார்க்கட்டும். வாயைப் பிளக்கட்டும். நான் கொம்பைச் சொல்லுவேன், கேட்பார், குளம்பைக் காட்டுவேன், தடத்தைக் காட்டுவேன், வாழ்க்கையில் ஒரு தடவை இந்த ஆள் என்னை நம்பியே தீர வேண்டும், பேனாவை மூட முடியாது, மூடு பார்ப்போம். இப்படி நினைத்துக்கொண்டே, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, எங்கே ஆரம்பிக்கலாம், காற்றிலிருந்தா ஆட்டிலிருந்தா என்று யோசித்துக்கொண்டே, ஓரத்தில் கிடந்த கோணிச்சாக்கின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றி வருகிறேன். முதலில் வந்தவன் சாக்கை இழுக்க வேண்டும். கை செய்கிறது. நாற்பது வருஷமாகச் செய்கிற கை, அதற்கு என்னைக் கேட்கத் தெரியாது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அழகாகக் குழிவரைக்கும். நிமிர்ந்து பார்த்தால் பிரௌன் சவரம் பண்ணின முகம். குளம்பு இல்லை. தடம் இல்லை. சாக்கு என் கையில் தொங்குகிறது. அட முட்டாளே. அட கிழட்டு முட்டாளே.

"உடைமரத்துக்கு வழி காட்டும்வே, அங்க எங்க நிக்கீரு?" என்று கத்திக்கொண்டு வந்தார். வியர்வையில் மணல் ஒட்டி முகம் வறுத்த கடலை மாதிரி இருந்தது. "உம்ம பந்து இங்க இருக்கு," என்றேன். "இங்கன்னா?" "உள்ள." "எதுக்குள்ள?" "குழிக்குள்ளவே. உம்ம பந்து, சிவப்புப் புள்ளி, குழிக்குள்ள." பைக் கைப்பிடியை விட்டார், பை சாய்ந்தது. ஒரு நொடி அந்த முகம் என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கன்னம் இரண்டும் இறங்கி, வாய் சின்னதாகி, அந்தப் பால் கண்ணுக்குள்ளே யாரோ விளக்கை ஏற்றின மாதிரி. தேக்கைத் தடவும்போது இருக்கிற முகம், ஆனால் முன்பக்கத்திலிருந்து. அப்புறம் கண் என் கைக்கு வந்தது. சாக்கு. பிரௌன். மறுபடி நான். விளக்கு அணைந்தது. "உடைமரம்னு நீருதான சொன்னீரு?" "பொய் சொன்னேன்." "இப்ப சொல்றது?" "நெசம்." "நான் வர்றதுக்குள்ள சாக்கை இழுத்திருக்கீரு." "பழக்கம்வே! முதல்ல வந்தவன் இழுக்கணும்லா!" "சரி. எப்படி வந்துச்சு? முதல்லயிருந்து சொல்லும்." கோர்ட்டுக் குரல். அந்தக் குரல் இன்னும் செத்துப்போகவில்லை. நான் சொன்னேன். உடைமரம், காற்று, மேடு, வெள்ளாடு, கொம்பு. சொல்லும்போதே என் காதுக்கே கேட்டது, என் பழைய கதைகள் எல்லாம் வரிசையாக வந்து பின்னால் நின்றுகொண்டு தலையாட்டுகின்றன, திமிங்கலமும் பாதிரியாரும் பீடியும். ஆடு எங்கே என்று திரும்பிப் பார்த்தால் மேட்டின்மேல் வெறும் வானம். "எந்தக் கொம்பு?" என்றார். "இடது." "ஆடு என்னைப் பத்தி ஏதும் சொல்லிச்சா?" "ஜட்ஜு, நெசமாத்தான்வே—" "ஆமைக்குத் தம்பி பொறந்திருக்கான்." அப்புறம் குரல் உடைந்தது. "மகராசனுக்குப் பண்ணினதை எனக்கும் பண்ணிட்டீருல்லா?" மகராசன் உப்பளக்காரர். அவர் பந்தை நான்தான் ஒரு தடவை இந்தக் குழிக்குள் வைத்தேன். கிளப்புக்கே பிரியாணி போட்டார்; எல்லோரும் இரண்டாம் தடவை வாங்குகிற நேரம் பார்த்து எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். பலகையில் எழுதின பேரைச் சுரண்ட வேண்டியதாயிற்று, தேக்கில் தழும்பு இன்னும் இருக்கிறது. அருமையான வேலை அது. "நாளைக்குப் போறவன்வே நான்," என்றார். "இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருக்கப்படாதா?" கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முட்டியை மடக்கி, மணலில் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். எடுத்துக் கடலில் எறியப்போகிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எறிந்துவிட்டு இந்தக் குழியில் தன் கணக்கில் பந்து தொலைந்தது என்று சொல்லிவிட்டு நடப்பார், அந்த நேர்மை வேறு இருக்கிறது இந்த மனுஷனுக்கு, எரிச்சல் பிடித்த நேர்மை.

ஆமையை விட்டிருக்கலாம். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அன்றைக்குக் கூண்டில் ஏறி, தோணியின் சுக்கான் உடைந்திருந்தது ஐயா, அவ்வளவுதான் ஐயா என்று சொல்லியிருந்தால் தொம்மை அன்று மாலையே வீட்டுக்குப் போயிருப்பான். பொய்தான். சப்பைப் பொய். நிஜம் நிஜம் என்று ஆமையைப் பிடித்துத் தொங்கி, அது என்னைப் பார்த்தது என்று வேறு சொல்லி. பந்தை எடுத்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார். "ஜட்ஜு," என்றேன். "ஆடு கிடையாது." நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேரா வந்துச்சு. முன்னால விழுந்துச்சு. உருண்டுச்சு. உள்ள போச்சு." வாயில் மணலை மெல்லுகிற மாதிரி இருந்தது. "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்ல." "காத்து?" "இருந்துச்சு." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான்." "அப்ப ஏன்வே உடைமரம்னீரு?" "பொறாமை." இது மட்டும் வழியில் தானாக வந்து விழுந்தது, நான் கூப்பிடவில்லை. "ஆட்டைச் சொன்னது?" "அதுவும் பொறாமைதான். உம்ம அடியைத் தூக்கி ஆட்டுத் தலையில கட்டப் பாத்தேன்." மெதுவாகத் திரும்பினார். "மறுபடி சொல்லும்." நேரா வந்துச்சு. முன்னால விழுந்துச்சு. உருண்டுச்சு. உள்ள போச்சு. ஒரு சொல் மாறவில்லை. என் ஆயுசில் ஒரு கதையை இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னதில்லை, நாக்கு துடித்தது, ஒரே ஒரு துள்ளலாவது போடேன் என்று கெஞ்சியது, கடித்துக்கொண்டேன். ஜட்ஜ் என் முகத்தைப் பால் கண்ணால் தடவித் தடவிப் பார்த்தார், பலகையைத் தடவுகிற மாதிரி. காற்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "உம்ம வாயிலேருந்து இவ்வளவு சப்பையா ஒண்ணு நான் கேட்டதே இல்லவே," என்றார். "உப்பு இல்ல, உறைப்பு இல்ல." பந்தைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அப்ப நெசம்தான்." பந்தை மிச்சமிருந்த கண்ணுக்கு மிகக் கிட்டே கொண்டுபோய் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடினார், கிடைத்தது, தொப்பியைக் கழற்றி என்னத்துக்கோ யாருக்கோ வணக்கம் வைக்கப் போனார், காற்று தொப்பியைப் பிடுங்கிக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணில் தண்ணீர். மணல் விழுந்திருக்கும்.

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அரிசி மூட்டை கனம். தூக்கி நிறுத்தி நாலடி நடப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "கொடிக்கு வலது பக்கமாத்தான்வே குறி வச்சேன், காத்துக்கு அந்த இடம் விட்டேன் பாத்தீரா? அது கணக்கு." கணக்கு! ஆட்டின் கொம்புக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். "முன்னால விழும்னு எனக்கு அடிச்ச உடனே தெரியும். கையில ஒரு இது இருந்துச்சு." இனிமேல் பெங்களூரில் அந்த மாடியில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைச் சொல்லப்போகிறார், நேரா வந்துச்சு, முன்னால விழுந்துச்சு, உலகத்தில் இதைவிடச் சவசவத்த கதை கிடையாது, அதற்கு நான் சாட்சி. பலகையில் தழும்புக்குக் கீழே இவர் பேர் வரும். அதற்குப் பக்கத்தில் ஆட்டின் பேர் வராது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எனக்கு நிஜமாகக் கிடைத்த கதையை என் கையாலேயே கழுத்தைத் திருகிப் புதைத்துவிட்டு, கொலைகாரன் மாதிரி இவர் பையையும் நான் இழுத்துக்கொண்டு வருகிறேன். யாரிடம் சொல்வேன்? என்னை உட்கார்ந்து கேட்டு நம்பாமல் இருக்க ஒரே ஒரு ஆள் இருந்தார், அவரும் இன்றைக்கு நம்பித் தொலைத்துவிட்டார். ஆனால் பெரிய விஷயம் அதில்லை. இத்தனை வருஷம் இந்த மூக்கை வைத்துக்கொண்டுதானே மோந்து மோந்து தீர்ப்பு எழுதியிருக்கிறது இந்த ஆள். சப்பையாக இருந்தால் நிஜம், நகை போட்டிருந்தால் பொய். எத்தனை பேர் ஆமையோடும் ஆட்டோடும் வந்து கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு உள்ளே போனார்களோ. எத்தனை பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாலு சப்பை வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு தின்றார்களோ. கேட்கலாமா என்று திரும்பினேன். முகத்தைப் பார்த்தேன். சின்னப் பையன் பரிசு வாங்கினது மாதிரி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டி வலிகூட மறந்துபோய், மணலில் குதிக்காத குறையாக நடக்கிறது ஜென்மம். கேட்கவில்லை. எதிரே மணல்மேட்டின்மேல் அந்த வெள்ளாடு வந்து நின்றது. இடது கொம்பை உடைமரத்தில் தேய்த்துவிட்டு, எங்களைப் பார்த்தது, என்னைத்தான் பார்த்தது. ஜட்ஜ் நின்றார். கண்ணைச் சுருக்கினார். "என்னதுவே அங்க, வெள்ளையா?" "மேகம்," என்றேன். ஆடு வாயைத் திறந்து நீளமாக ஒரு கத்துக் கத்தியது. "அது என்ன சத்தம்?" "காத்து," என்றேன். மக்கின்டயர் சட்டப்படி பொய்யும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். அதையும் நம்பிவிட்டார், சவம்.